தேன்கூட்டுப் பலகை: குறையை அளப்பதற்கு முன் சுமையைக் கேளுங்கள்

தட்டிப் பார்த்துக்கொண்டே வந்த இன்ஸ்பெக்டர் ஓரிடத்தில் நிற்கிறார். சத்தம் மாறுகிறது. 50 மிமீ விட்டத்துக்கு, ஸ்கின் என்னும் முகத்தகடு கோர் என்னும் நடுத் தேன்கூட்டோடு ஒட்டவில்லை. சிவப்பு மார்க்கரால் வட்டம் போட்டுவிட்டு அடுத்த பலகைக்குப் போய்விடுகிறார். அதன்பிறகு அந்த வட்டத்தைச் சுற்றி நாலு பேர் கூடிப் பேசுவது எல்லாத் தொழிற்கூடத்திலும் நடப்பதுதான். "அம்பது மில்லிதானே, விடலாம்" என்பார் ஒருவர். "டிராயிங்கில் இருபத்தஞ்சுக்கு மேல் கூடாதுன்னு போட்டிருக்கு" என்பார் இன்னொருவர். அந்த வட்டம் பலகையின் எந்தப் பக்கத்தில், எந்த இடத்தில் இருக்கிறது, அங்கே என்ன சுமை வருகிறது என்று கேட்பவர் அபூர்வம். இந்த அத்தியாயம் முழுவதும் அந்தக் கேள்வியைச் சுற்றித்தான்.

ஒரு பலகையை இரண்டு ஓரத்திலும் தாங்கி, மேலே சீராகச் சுமை ஏற்றுவதாக வைத்துக்கொள்வோம். மேல் ஸ்கின் அமுக்கத்தையும் கீழ் ஸ்கின் இழுப்பையும் வாங்கிக்கொள்கின்றன. இரண்டும் நடுவில்தான் உச்சம். கோருக்கு இரண்டு வேலை. ஷியர் என்னும் வெட்டுவிசையை ஏறத்தாழ முழுவதும் அதுவே சுமக்கிறது. அது தாங்கிகளுக்குப் பக்கத்தில் உச்சம், நடுவில் சொற்பம். இரண்டாவது வேலை, அமுங்குகிற மேல் ஸ்கின் உள்ளே குழியவோ வெளியே உப்பவோ விடாமல் பிடித்து நிறுத்துவது. இப்போது அந்தச் சிவப்பு வட்டத்தை நகர்த்திப் பாருங்கள். மேல் ஸ்கின்னின் நடுவில் இருந்தால் அமுக்கத்தில் உப்பிக் கிளம்பும். கீழ் ஸ்கின்னின் நடுவில் இருந்தால் நிலையான சுமைக்கு அது பெரிதாக எதுவும் செய்யாது. தாங்கிக்கு அருகில் இருந்தால், ஸ்கின்னுக்கும் கோருக்கும் நடுவே ஷியர் கைமாறும் வழியை அடைக்கிறது. அதே 50 மிமீதான். மூன்று இடத்துக்கும் மூன்று தீர்ப்பு.

சுமை திசை மாறும் பலகைகளில் (இறக்கையின் ஃபிளாப், அதிரும் தரைப்பலகை போன்றவை) கீழ் ஸ்கின்னும் அமுக்கத்துக்கு வரும். அங்கே இந்தச் சலுகை கிடையாது.

கோரில் வரும் குறைகள்

கோர் செய்யும் விதம் தெரிந்தால் குறைகள் எங்கிருந்து வருகின்றன என்பது பாதி விளங்கிவிடும். அலுமினிய ஃபாயிலில், பெரும்பாலும் 18 முதல் 100 மைக்ரான் தடிமனுக்குள், பசையை இணைகோடுகளாக அச்சடிக்கிறார்கள். அடுத்தடுத்த தாளில் கோடுகள் தள்ளித் தள்ளி விழும். தாள்களை அடுக்கி, சூடாக அழுத்திப் பசையை இறுக வைத்து, துண்டு போட்டு, இரண்டு பக்கமும் பிடித்து இழுக்கிறார்கள். அறுகோண அறைகள் விரிகின்றன. பசைக்கோடு இருந்த இடம்தான் நோட். ஒவ்வோர் அறையிலும் இரண்டு சுவர் இரட்டைத் தாள், நான்கு சுவர் ஒற்றைத் தாள். இரட்டைச் சுவர்கள் ஓடும் ரிப்பன் திசைக்கு எல் என்றும், இழுத்து விரித்த திசைக்கு டபிள்யூ என்றும் பெயர்.

இதிலிருந்தே முதல் தவறு பிறக்கிறது. அந்தத் தவறைத் தட்டிப் பார்த்தோ எடை போட்டோ பிடிக்க முடியாது: கோரைத் திசை மாற்றிப் போடுவது. 3.2 மிமீ அறை, 18 மைக்ரான் 5052 ஃபாயில், கன மீட்டருக்கு 50 கிலோ அடர்த்தி என்ற சாதாரணக் கோரை எடுத்துக்கொண்டால், எல் திசையில் ஷியர் வலிமை ஏறத்தாழ 1.4 மெகாபாஸ்கல், டபிள்யூ திசையில் 0.9. விறைப்பு 310-க்குப் பதில் 150. பலகையைப் பார்த்தால் ஒரு குறையும் தெரியாது. தட்டினால் சுத்தமான சத்தம், எடை சரி, ஒட்டு சரி. ஷியர் வலிமையில் மட்டும் கிட்டத்தட்ட 40 சதவீதம் காணாமல் போயிருக்கும். கோர் துண்டை வெட்டியவுடன் ரிப்பன் திசைக்கு ஓர் அம்புக்குறி போடும் பழக்கத்தை விடவே விடாதீர்கள். சதுரத் துண்டுகள்தான் அதிகம் ஏமாற்றுபவை. செவ்வகத்தைத் தப்பாக வைத்தால் இடத்தில் உட்காராது. சதுரம் எப்படி வைத்தாலும் உட்கார்ந்துவிடும்.

அடுத்தது சுவரின் தடிமன். கோரின் அடர்த்தி, தடிமனுக்கும் சுவர் நீளத்துக்கும் உள்ள விகிதத்தோடு நேராக ஏறி இறங்கும். வலிமை அப்படி இல்லை. சுவர் மீள்தன்மையோடு நெளிவதற்கான எல்லை அந்த விகிதத்தின் மூன்றாம் படியோடும், மடிந்து மடிந்து நசுங்கும் வலிமை 5/3 படியோடும் மாறுகின்றன. ஃபாயில் 10 சதவீதம் மெலிந்தால் எடையில் 10 சதவீதம்தான் குறையும். நசுங்கும் வலிமையில் 16, நெளியும் எல்லையில் 27 சதவீதம் போய்விடும். கோரை எடை போட்டு மட்டும் ஏற்றுக்கொள்ளும் வழக்கம் பல இடங்களில் உண்டு. எடை எவ்வளவு பலவீனமான சாட்சி என்பதை இந்தக் கணக்கு காட்டுகிறது. அதிலும் நோட்டில் பசை கூடுதலாக விழுந்த கோர் எடையில் தேறிவிடும். அந்தப் பசை சுவரைத் தடிமனாக்குவதில்லை.

விரிவு சரியில்லாத கோரைக் கண்ணாலேயே பிடிக்கலாம். ஒரே தாளில் ஒரு மூலையில் அறைகள் குறுகியும் மறுமூலையில் அகன்றும் இருக்கும். குறுகிய பகுதி கனம் கூடி வலுவாகவே இருக்கும். வம்பு அகன்ற பகுதியில்தான். அங்கே எல் திசை ஷியர் குறையும். அகலமாக இழுத்து, ஏறத்தாழ செவ்வக அறையாக்கி, வளைந்த பலகைக்கென்றே விற்கும் கோர் வகை உண்டு என்பதும் உண்மை. ஆனால் அதற்குத் தனி வலிமை அட்டவணை இருக்கிறது. தற்செயலாக அகன்ற கோருக்கு அட்டவணை கிடையாது.

நோட் பிரிவது கொஞ்சம் நுணுக்கமான விஷயம். இரண்டு தாள் ஒட்டியிருக்க வேண்டிய இடத்தில் பசை விட்டுப்போனால், விரிக்கும்போதே அறைகள் கிழிந்த வலைபோல ஒன்றாகிவிடும். அது தெரிந்துவிடும். தெரியாமல் தப்புவது, விரிக்கும் வரை தாங்கிவிட்டு, பின்பு கோரை வளைக்கும்போதோ இயந்திரத்தில் உயரம் சீவும்போதோ பிரியும் நோட். இரட்டைச் சுவர் இப்போது ஒன்றையொன்று தாங்காத இரண்டு ஒற்றைச் சுவராகிறது, சீக்கிரம் நெளியும். ஏஎஸ்டிஎம் சி363 சோதனை இதற்காகவே இருக்கிறது: கோர் துண்டை டபிள்யூ திசையில் இழுத்து நோட்டின் வலிமையை அளப்பது. கோர் லாட் வந்தவுடன் இதைச் செய்யுங்கள். பலகை ஆனபிறகு செய்ய வழியில்லை.

சுவரே இல்லாமல் போவது எவ்வளவு கெடுக்கும்? பதில் திசையைப் பொறுத்தது. பலகைக்குச் செங்குத்தாக அமுக்கினால், போன சுவர்களின் பங்கு அளவுக்குத்தான் பெரும்பாலும் வலிமை குறையும். பலகையின் தளத்திலேயே அமுக்கினால் கதை வேறு. சில்வா, கிப்சன் என்ற இரு ஆய்வாளர்கள் 1997-ல் வெளியிட்ட கணக்குகளின்படி, 5 சதவீதச் சுவரை நீக்கினாலே தளத்துள் வலிமை 30 சதவீதத்துக்கும் மேல் விழுகிறது. தளத்துள் சுவர்கள் வளைந்துதான் சுமையைக் கடத்துகின்றன. ஒரு சுவர் போனால் பக்கத்துச் சுவர்கள் எல்லாம் கூடுதலாக வளைய வேண்டும். சாதாரணப் பலகையில் தளத்துச் சுமையை ஸ்கின் எடுத்துக்கொள்வதால் நமக்கு இது பெரும்பாலும் கவலையில்லை. ஆட்டோகிளேவ் என்னும் அழுத்த அடுப்புக்குள் மட்டும் கவலை. சரிவாகச் சீவிய கோர் ஓரத்தை அழுத்தம் பக்கவாட்டில் தள்ளும்போது கோர் தளத்துள்தான் அமுங்குகிறது. ஓரமே சுருண்டு உள்ளே போய்விடும். சரிவை 20 டிகிரி அளவில் வைப்பதும், ஓர அறைகளைப் பசையால் நிரப்புவதும், அழுத்தத்தை 3 பார் அளவோடு நிறுத்துவதும் இதைத் தடுக்க வந்த வழக்கங்கள்.

கோரின் மேல்முனை லேசாக நசுங்கியிருந்தால் பதற வேண்டுமா? வேலையைப் பொறுத்தது. மோதலை வாங்கி நசுங்குவதற்கென்றே செய்யும் கோர்களை வேண்டுமென்றே சற்று நசுக்கித்தான் பொருத்துவார்கள். தொடக்கத்தில் வரும் உச்ச விசை இல்லாமல் போய், சீரான விசையில் மடியத் தொடங்கும். சந்திரனில் இறங்கிய அப்பல்லோ லூனார் மாட்யூலின் கால்களுக்குள் நசுங்கும் அலுமினியத் தேன்கூடுகள் இருந்தன. அதே நசுங்கல் ஒட்டவேண்டிய பலகைக்குள் இருந்தால், அந்த இடத்தில் கோர் உயரம் குறைந்து பசை எட்டாமல் போகும்.

ஒட்டுக்கோடு

கோரில் உள்ள குறைகள் பெரும்பாலும் வலிமையைச் சதவீதக் கணக்கில் குறைக்கின்றன. ஸ்கின்னுக்கும் கோருக்கும் நடுவே உள்ள குறைகள் மடங்குக் கணக்கில் குறைக்கின்றன. என் கணிப்பில், ஒரு பலகைக்கு ஒதுக்கும் ஆய்வு நேரத்தில் முக்கால்வாசியை இங்கே செலவிடுவதுதான் நியாயம்.

ஒரு கணக்குப் போடுவோம். 0.5 மிமீ அலுமினிய ஸ்கின், 6.4 மிமீ அறை. நல்ல ஒட்டு இருக்கும்போது ஸ்கின் ஒவ்வோர் அறையின் வாய்க்குள் மட்டும்தான் குழிய முடியும். அதற்குக் கணக்குப்படி 950 மெகாபாஸ்கல் வேண்டும். 2024-டி3 அலுமினியம் 325 வாக்கிலேயே நிரந்தரமாக உருக்குலையத் தொடங்கிவிடும். ஆக, அறைக்குள் குழிவது என்ற பேச்சுக்கே இடமில்லை. இப்போது 25 மிமீ வட்டத்துக்கு ஒட்டு விட்டிருக்கிறது என்போம். ஓரம் முழுக்க இறுகப் பிடித்த வட்டத் தகடு, எல்லாப் பக்கமும் சமமாக அமுங்குகிறது என்று எடுத்துக்கொண்டால், 150 மெகாபாஸ்கலில் உப்பத் தொடங்கும். வட்டம் 50 மிமீ ஆனால் 40-க்கும் கீழே. விட்டம் இரண்டு மடங்கானால் தாங்கும் எல்லை நாலில் ஒன்றாகிறது. உப்பிய பிறகு வட்டத்தின் விளிம்பில் பசை உரியத் தொடங்கும். இழுப்புக்கும் ஷியருக்கும் நன்றாகத் தாங்கும் பசைகூட உரிப்புக்குப் பலவீனம். வட்டம் பெரிதாகும், பெரிதாக ஆக, இன்னும் குறைந்த சுமையிலேயே உப்பும்.

இதே கணக்கில் ஸ்கின்னை 1 மிமீ ஆக்குங்கள். 50 மிமீ வட்டம் மறுபடி 150 மெகாபாஸ்கல் தாங்கும். தடிமனின் இரண்டாம் படி இங்கே வேலை செய்கிறது. ஒரு டிராயிங்கில் உள்ள '25 மிமீ வரை ஏற்கலாம்' என்ற குறிப்பை எடுத்து இன்னொரு பலகைக்குப் பொருத்தக் கூடாது என்பதற்கு இதைவிடக் காரணம் வேண்டாம். 25 மிமீ என்பது யாரோ ஒருவர் ஒரு குறிப்பிட்ட ஸ்கின்னுக்குப் போட்ட கணக்கின் விடை.

ஒட்டு விடாமலேயே மெலிந்திருப்பதும் உண்டு. ஃபிலிம் பசை உருகும்போது அறைச் சுவரின் அடியில் ஏறி, இருபுறமும் சிறு சரிவாக இறுக வேண்டும். ஃபில்லட் என்பது அதுதான். 18 மைக்ரான் விளிம்பை ஸ்கின்மேல் நிறுத்தி வைத்தால் ஒட்டும் பரப்பு என்று சொல்லவே ஒன்றுமில்லை. ஒட்டும் பரப்பைத் தருவதே ஃபில்லட். பசை சரியாக உருகாவிட்டாலும், சூடு ஏறும் வேகம் தப்பினாலும், கோர் விளிம்பில் எண்ணெய் இருந்தாலும் ஃபில்லட் ஏறாது. தட்டினால் சத்தம் சுத்தமாகவே இருக்கும்.

எல்லாவற்றிலும் மோசமானது, தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் ஒட்டு. ஸ்கின்னும் பசையும் இடைவெளியே இல்லாமல் படிந்திருக்கும். அல்ட்ராசோனிக் அலை தாராளமாகக் கடந்துபோகும். வலிமை மட்டும் இராது. இதற்குக் காரணங்கள் எல்லாம் ஒட்டுவதற்கு முந்தைய சில மணி நேரத்தில் இருக்கின்றன. அச்சு விடுவிக்கும் சிலிகான் ஸ்பிரே பக்கத்து அறையிலிருந்து காற்றில் வந்திருக்கும். யாரோ கையுறை இல்லாமல் தொட்டிருப்பார்கள். மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரிலிருந்து எடுத்த பசை ரோலை, அறைச் சூட்டுக்கு வரும் முன்பே உறையைப் பிரித்திருப்பார்கள். பிரித்த மறுநிமிடம் பனித்துளி படியும். மழைக்காலத்தில், கடலோர ஊர்களில், இந்தக் கடைசிக் காரணத்தை முதலில் சந்தேகிப்பது நல்லது.

தகட்டின் மேற்பரப்பு தயாரானதா என்று பார்க்க ஒரு பழைய, செலவில்லாத சோதனை இருக்கிறது. கழுவிய தகட்டைச் சாய்த்துப் பிடித்துச் சுத்தமான நீரை ஊற்றுங்கள். நீர் ஒரே படலமாக 30 விநாடி உடையாமல் நிற்க வேண்டும். எங்காவது படலம் பின்வாங்கி, விளிம்பு கட்டி, துளிகளாகத் திரண்டால் அங்கே அழுக்கு இருக்கிறது. தகடு மறுபடி தொட்டிக்குப் போகட்டும். ஆனால் இது எண்ணெய்ப் பசையை மட்டும்தான் காட்டும். ஈரத்தில் ஆண்டுக்கணக்கில் நிலைக்கும் ஒட்டுக்குப் பாஸ்பாரிக் அமில அனோடைசிங்போல நிலைத்த ஆக்சைடு படலம் வேண்டும். வெறும் அமிலத்தில் அரித்துவிட்டு ஒட்டிய பழைய பலகைகள் ஈரமான பயன்பாட்டில் பிரிந்துபோன அனுபவம்தான் 1970-களில் அமெரிக்க விமானத் துறையை அந்த முறைக்குத் தள்ளியது.

உள்ளே அடைபட்ட காற்றும் நீரும்

1968 ஏப்ரல் 4 அன்று ஏவப்பட்ட அப்பல்லோ 6-ல் ஆள் இல்லை. ஏவி இரண்டு நிமிடம் கடந்தபோது, லூனார் மாட்யூலுக்கான இடத்தை மூடியிருந்த கூம்புக் கூட்டிலிருந்து துண்டுகள் பிய்ந்து பறந்தன. அது அலுமினியத் தேன்கூட்டுப் பலகையால் ஆனது. வேகம் கூடக் கூட ஸ்கின் சூடேறியது; அறைகளுக்குள் அடைபட்டிருந்த காற்றும் ஈரமும் விரிந்து ஸ்கின்னைக் கோரிலிருந்து தள்ளின. அடுத்த ராக்கெட்டுகளில் பலகையில் சிறு துளைகள் போட்டார்கள். ஈரத்தை வாங்கவும் சூட்டைக் குறைக்கவும் மேலே கார்க் ஒட்டினார்கள்.

வானத்துக்குப் போகாத பலகைக்கும் இதில் பாடம் இருக்கிறது. மூடிய அறைக்குள் ஒரு சொட்டு நீர் இருந்து, பலகையை 177 டிகிரியில் பழுது பார்க்கப் போட்டால், நீராவி 9 பார் வரை போகும். அந்தச் சூட்டில் பசை தன் வலிமையில் பெரும்பங்கை இழந்து நிற்கும். நல்லாயிருந்த பக்கத்து அறைகளும் பிரிவது இப்படித்தான். சூடு கொடுக்கும் முன் பலகையை மிதமான வெப்பத்தில் நாள்கணக்கில் உலர்த்துங்கள். சுவரில் ஊசித்துளை போட்ட கோர் காற்றை வெளியேற்றும் என்பதால் செயற்கைக்கோள் பலகைகளுக்கு அதுவே விதி. தரையில் மழையில் நனையும் பலகைக்கு அதே கோரைப் போட்டால், ஓர் ஓரத்தில் நுழைந்த நீர் துளை வழியே அறை அறையாக நடந்துபோகும்.

பிரேஸ் செய்த எஃகுப் பலகை

அலுமினியமும் பசையும் தாங்காத சூட்டுக்கு, எஃகுக் கோரையும் எஃகு ஸ்கின்னையும் பிரேஸ் செய்கிறார்கள், அதாவது நடுவே வேறோர் உலோகத்தை உருக்கி ஒட்டுகிறார்கள். இங்கே இடைவெளிக்கு மன்னிப்பு குறைவு. ஃபிலிம் பசை ஓரளவு பள்ளத்தை நிரப்பிக்கொள்ளும். உருகிய பிரேஸ் உலோகமோ நுண்துளைக் கவர்ச்சியால் ஏறுவது. கோர் உயரம் சற்றுக் குறைந்த இடத்தில் அது தாண்டாது. சூடு அதிகமானாலோ நேரம் நீண்டாலோ, அதே உலோகம் மெல்லிய ஃபாயிலைக் கரைத்துத் தின்றும்விடும். 1964 செப்டம்பரில் முதன்முதலாகப் பறந்த எக்ஸ்பி-70 வால்கிரி விமானத்தின் உடலில் பெரும்பகுதி இப்படிப் பிரேஸ் செய்த துருப்பிடிக்காத எஃகுத் தேன்கூடு. முதல் விமானத்தில் ஸ்கின் பிரிந்துபோகும் தொல்லை தீரவேயில்லை. 1965 அக்டோபர் 14 அன்று மாக் 3-ஐத் தொட்டபோது இடது இறக்கையின் முன்விளிம்பில் ஒரு பகுதி பிய்ந்து போனது. அதன்பிறகு அந்த விமானத்தை மாக் 2.5-க்கு மேல் ஓட்டவில்லை. செய்முறை தேறிய இரண்டாம் விமானம் மாக் 3-ல் நிலையாகப் பறந்தது.

என்ன சோதனை, என்ன படிப்பது

நாணயத்தாலோ சிறு சுத்தியாலோ தட்டுவது இன்றும் நல்ல சோதனைதான், ஸ்கின் மெல்லியதாக இருக்கும் வரை. நல்ல இடம் 'ணங்'கென்று பேசும், விட்ட இடம் 'டொப்'பென்று. ஆனால் தட்டிய பக்கத்து ஒட்டை மட்டும்தான் அது சொல்லும். பலகையைத் திருப்பிப் போட்டு இரண்டாம் முறை தட்டாதவர்கள் பாதி வேலைதான் செய்கிறார்கள். நசுங்கிய கோர், நகர்ந்த கோர், உள்ளே நீர் ஆகியவற்றுக்கு எக்ஸ்ரே. பெரிய பரப்புக்கு இருபுறமும் நீர்த்தாரை வைத்து அல்ட்ராசோனிக் ஸ்கேன். வலிமையில்லாமல் தொட்டுக்கொண்டு மட்டும் இருக்கும் ஒட்டுக்கு இவற்றில் எதையும் நம்ப முடியாது. அதை உடைத்துத்தான் பார்க்க வேண்டும்.

ஏஎஸ்டிஎம் சி297 முறையில், 50 மிமீ சதுரத் துண்டின் இரு ஸ்கின்னிலும் உலோகக் கட்டை ஒட்டிச் செங்குத்தாக இழுத்துப் பிரிக்கிறோம். திரையில் வரும் எண்ணை எழுதிக்கொண்டு துண்டைக் குப்பையில் போடுவது பெரும் வீண். துண்டைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். ஃபாயில் கிழிந்து, ஸ்கின்மேல் அறுகோண வரிசையாகக் கிழிசல்கள் பிசிறிட்டு நின்றால் பசை கோரைவிட வலு, திருப்தி. பசையே நடுவில் பிளந்து, இரு பக்கமும் பசை இருந்தால் எண்ணைக் குறைந்தபட்ச வரம்போடு ஒப்பிட்டு முடிவெடுக்கலாம். ஸ்கின் கண்ணாடிபோல் பளிச்சென்று வெறுமையாக இருந்து, பசை முழுவதும் கோரோடு போயிருந்தால், எண் வரம்பைத் தாண்டியிருந்தாலும் அந்த லாட்டை நிறுத்துங்கள். அது மேற்பரப்புத் தயாரிப்பு தோற்றதன் அடையாளம். இன்று தாங்கிய எண் அடுத்த மழைக்காலத்தில் தாங்காது. ஃபில்லட் எப்படி ஏறியிருக்கிறது என்று பார்க்க உருளையில் சுற்றி உரிக்கும் டி1781 சோதனை இதைவிடக் கூர்மையானது.

சாட்சித் துண்டைப் பலகையின் வெட்டுமிச்சத்திலிருந்தே எடுக்கப் பாருங்கள். தனியாகச் செய்யும் சிறு துண்டு எப்போதும் பலகையைவிட நன்றாகவே வரும். அதைச் செய்பவருக்கு அது சோதனைக்குப் போகிறது என்று தெரியும்.

வட்டத்தை என்ன செய்வது

சிவப்பு வட்டத்துக்குள் இரண்டு துளை போட்டு ரெசினை ஊசியால் ஏற்றுவது பரவலான வழக்கம். எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. ரெசின் அறையின் அடிக்கு இறங்கிவிடும், அல்லது அழுக்கான பழைய பரப்பில் படியும். இடைவெளி நிரம்புவதால் சத்தம் மட்டும் திருந்திவிடும். பிறகு தட்டிப் பார்க்கும் யாருக்கும் அங்கே குறை இருந்ததே தெரியாது. ஷியரும் அமுக்கமும் சொற்பமான இடத்தில், டிசைனர் எழுதிக் கொடுத்தால் மட்டும் செய்யலாம். அமுக்கத்தில் இருக்கும் ஸ்கின்னில் ஒட்டு விட்ட பகுதியை வெட்டி எடுத்து, கோரை மாற்றி, மேலே பட்டை போட்டு ஒட்டுவதுதான் முறை. அருகருகே இரண்டு சிறு வட்டங்கள் இருந்தால், நடுவிலுள்ள ஒட்டையும் சேர்த்து ஒரே பெரிய வட்டமாகக் கணக்கிடுங்கள்.

பழுது பார்ப்பதற்கு முன் ஒரு வேலை. அந்தப் பலகையின் கூடவே வரும் அட்டையில் பசை ரோல் எண், ஃப்ரீசரிலிருந்து எடுத்த நேரம், உறை பிரித்த நேரம், தகடு தொட்டியை விட்டு வந்த நேரம் எல்லாம் இருக்க வேண்டும். அவற்றில் ஏதாவது தப்பியிருந்தால் வட்டம் ஒரு பலகையோடு நிற்காது. அதே ரோலில், அதே நாளில் ஒட்டிய மற்றப் பலகைகளைத் தனியே எடுத்து வையுங்கள். ஒவ்வொன்றின் வெட்டுமிச்சத்தையும் இழுத்துப் பார்த்து முடிக்கும் வரை எதையும் அனுப்ப வேண்டாம்.